தோலோடு போய்விடும்

“தோலை உரிக்காதே. அப்படியே குழி தோண்டிப் புதைச்சிடு,” என்றாள் இர்மா, சமையலறை ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி. கணவன் கொண்டுவந்த மானைப் பார்க்கக்கூட அவள் வெளியே வரவில்லை.

விஸ்கான்சின் காட்டில் மான் வேட்டைக்காகப் பதினோரு நவம்பர் மாதங்கள் மரத்தின் மேல் விறைத்து உட்கார்ந்தவன் லாம்பர்ட். பன்னிரண்டாவது வருஷம் முதல் நாளே ஒரு கொம்பன் மான் கிடைத்திருக்கிறது. அதைப் புதைப்பதாமே!

“தோல்ல சும்மா ரெண்டு மரு, இர்மா. அதுக்குப் போயி...”

“ரெண்டா? இடது கண்ணையே மூடிக்கிட்டு, அழுகின திராட்சைக் குலையாட்டம் தொங்குது. த்தூ!”

அவள் சொன்னதில் தப்பில்லை. பிக்கப் வண்டியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது அப்படித்தான் இருந்தது. கண்ணில் ஒரு குலை, தாடையில் ஒரு குலை. தோள்பட்டை முழுக்க முடியில்லாத கறுப்பு முண்டுகள், முற்றிய காலிஃபிளவர்போல வெடித்து, ஓரம் கசிந்து.

சுட்டதும் புதருக்குள் பாய்ந்த மானை ஒரு மணி நேரம் தேடி, தார்ச்சாலைப் பள்ளத்தில்தான் கண்டெடுத்தான். குடலை எடுக்கும்போது முண்டு ஒன்று கையுறைக்கு அடியில் கொழகொழவென்று உருண்டது. காலையில் தின்ற முட்டையைப் பனியிலேயே விட்டுவிட்டு, மீதி வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு முடித்தான். குண்டு பாய்ந்த இடம் அந்த முண்டுகளுக்கு நடுவே எங்கேயோ இருக்கும். விலக்கிப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

இர்மா அப்படியொன்றும் நாசூக்குக்காரி அல்ல. கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தலையைக் கண்ணோடும் காதோடும் வேகவைத்துப் பிசைகிறவள்தான். ஆனால் காலையில் தேவாலய விருந்துக்கு ஆப்பிள் பை சுடக் காரில் போனவள், தலைவலி என்று பாதி வழியில் திரும்பியதிலிருந்தே முகம் சரியில்லை.

அதற்குள் இர்மாவின் அண்ணன் கிளாரன்ஸ் வந்துவிட்டான். கோட்டுப் பையில் கத்தரிக்கோல் இல்லாமல் நவம்பரில் அவன் வெளியே கிளம்புவதே இல்லை. சுட்டுத் தவறவிட்டவனின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதி, வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணியடிப்பது அந்த ஊர் வழக்கம். சுவரில் லாம்பர்ட்டின் சட்டைத்துண்டு மட்டும் பதினொன்று. மிச்சச் சட்டைக்கெல்லாம் ஓரம் அடித்துக் கொடுத்தவள் இர்மா.

கிளாரன்ஸ் தார்ப்பாயைத் தூக்கினான். உடனே விட்டான்.

“ஏ மாப்ளே, இது மானா, இல்ல என் மாமியாளா?”

“எதுவா இருந்தா என்ன, சுட்டாச்சுல்ல? இந்த வருஷம் கத்தரிக்கோலை வீட்டுல வச்சுட்டு வா.”

“அண்ணே, நீயாவது சொல்லு,” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “இதை என் சட்டியில போட மாட்டேன். புதைச்சிடச் சொல்லு.”

“காட்டிலாகா ஆபீசுக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன். கறிக்கு ஒண்ணும் ஆகாதாம்,” என்றான் லாம்பர்ட். “வென்ட்ஸெல் கொட்டகைக்குப் போவோம். அவன் உரிக்கட்டும், நீயே பாரு.”

என்ன நினைத்தாளோ, இர்மா கோட்டை மாட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

வென்ட்ஸெல் நாற்பது வருஷமாக மான் உரிப்பவன். கொக்கியில் தொங்கவிட்டு, கண்மேல் குலையைக் கத்தி முனையால் ஒரு தட்டு தட்டினான். அது ஆடியது. கிளாரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

“மான்களுக்குள்ள தொத்துற மருதான் இது, மனுசனுக்கு வராது. சீழ் வச்சுக் கறிக்குள்ள இறங்கியிருந்தாதான் தூக்கிப் போடணும். இல்லேன்னா தோலோட போயிடும்.”

“வேண்டாம் வென்ட்ஸெல், அப்படியே விட்டுடேன்,” என்றாள் இர்மா. குரல் கெஞ்சலாக இருந்தது.

அவன் தோலைப் பிடித்து இழுத்தான். சர்ர்ரென்று ஈரச் சத்தத்தோடு அத்தனை முண்டும் உள்பக்கமாகச் சுருண்டு வந்தது. கழுத்துக் கறி சிவக்கச் சிவக்க, ஒரு பொட்டு அழுக்கில்லாமல் நின்றது.

“பாத்தியா இர்மா? பாத்தியா?” லாம்பர்ட் குதிக்காத குறை.

தோள்பட்டையில் வென்ட்ஸெலின் கை நின்றது. அந்தப் பக்கம் முழுக்கக் கருநீலம். ஜாம் மாதிரி ரத்தம் உறைந்து, விலா எலும்பெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. உரித்த தோலை விளக்குக்கு நேரே விரித்து, முண்டுமுண்டாக விலக்கிப் பார்த்தான்.

“குண்டு போன ஓட்டை எங்கப்பா?”

“அந்த முண்டுக்கு நடுவுல இருக்கும், நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். ஒரு ஓட்டையும் இல்ல. இதுதான் இருந்துச்சு.” கசிந்துகொண்டிருந்த இரண்டு மருக்களுக்கு இடையிலிருந்து எதையோ விரலால் கிள்ளி எடுத்து, கால்சட்டையில் துடைத்து நீட்டினான். ஒரு சில்லு. கார் விளக்குக் கண்ணாடி.

கத்தரிக்கோல் கிளிக் கிளிக்கென்றது. “மாப்ளே, அந்தப் பக்கம் திரும்பி நில்லு,” என்றான் கிளாரன்ஸ்.

திரும்பிய லாம்பர்ட்டுக்கு நேர் எதிரே இர்மா நின்றாள். உரித்த தோலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“அந்த மூஞ்சியைப் பாத்த குமட்டல்ல பிரேக்கை மிதிக்க மறந்துட்டேன், லாம்பர்ட்.”