சிவப்புத் தாடிக்காரன்

"அவன் அப்பீல் பண்ணவே இல்ல, பிரெண்டா. பிடிச்ச பந்தைக் கையில வச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறான்."

நார்மன் கிரிக்கெட் காலணியைக் கழற்றிச் சமையலறை மூலையில் வீசினார்.

"நீயே கேட்டிருக்கலாமே," என்றபடி அவர் மனைவி பிரெண்டா தேநீர் ஊற்றினார்.

"பெர்னார்ட் பிடிச்ச கேட்சுக்கு நான் கேக்கறதா? செத்தாலும் மாட்டேன்."

மைதானத்தில் அம்பயராக நின்ற பாதிரியார் பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாராவது கேட்காமல் அவர் விரலைத் தூக்க முடியாது. பேட்டில் பட்டு கீப்பர் கைக்குப் போன பந்து அப்படியே வீணாயிற்று. தப்பிப் பிழைத்த அந்த பேட்ஸ்மேன் நார்மனின் ஊரான மார்ஷ்விக் அணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனான்.

எல்லாம் அந்த வாக்கெடுப்பால் வந்த வினை. ஐரோப்பாவோடு இருப்பதா, வெளியேறுவதா என்று நாட்டைக் கேட்டார்கள். நாடு மயிரிழையில் வெளியேறுகிறேன் என்றது. பந்து வீசும் நார்மன் வெளியேறும் கட்சி, கீப்பர் பெர்னார்ட் இருக்கும் கட்சி. மீசை முளைத்த நாளிலிருந்து கூட்டாளிகளாக இருந்தவர்கள் மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊரும் அப்படித்தான் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

முன்பெல்லாம் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு பெர்னார்டும் அவர் மனைவி ஜில்லும் வந்துவிடுவார்கள். பழக்க தோஷத்தில் பிரெண்டா இன்னும் நாலு பேருக்குத்தான் சமைக்கிறார். மிச்சத்தையும் சாப்பிட்டே நார்மனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. பெர்னார்ட் இல்லாத ஞாயிறு அவருக்குக் கசந்தது. வாய் விட்டுச் சொல்லத்தான் வறட்டு கௌரவம் விடவில்லை.

"அடுத்த ஞாயிறு கடைசி மேட்ச். அன்னைக்கும் இப்படித்தான்னா, நான் ஆட்டத்தையே விட்டுடறேன்," என்றார்.

பிரெண்டா அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனார்.

இரண்டு நாள் கழித்து, கடைக்குப் போய் வந்தவர் கூடையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"நம்ம மைதானத்துல ஒருத்தன் மூணு கால் ஸ்டாண்டை வச்சு அளந்துக்கிட்டு இருந்தான். மஞ்சள் கோட்டு. ஜில்லும் பார்த்தாளாம். வீடு கட்டி விக்கப் போறாங்க போல."

நார்மனின் கையில் இருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் 'கலப்பை' மதுக்கடையில் ஊரே கூடியது. வெளியேறும் கட்சி ஒரு சுவரோரம், இருக்கும் கட்சி எதிர்ச் சுவரோரம்.

"நானும் அவனைப் பார்த்தேன்," என்று பெர்னார்ட் எழுந்தார். "வெள்ளை வேன்ல வந்தான்."

கூட்டம் வாயைப் பிளந்தது. பெர்னார்ட் பெயர் தட்டிக்கொண்டு போவதா? நார்மனும் எழுந்தார்.

"வேனைத்தானே பார்த்தே? நான் ஆளையே பார்த்தேன். சிவப்புத் தாடி. இடுப்பு வரைக்கும்."

பெர்னார்ட் திரும்பினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆமா," என்றார் பெர்னார்ட் மெதுவாக. "தாடி. வேன் கண்ணாடிக்கு வெளிய பறந்துச்சு."

மூன்று வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு சுவர்கள் காலியாகிவிட்டன. கடையில் பாதிப் பேர் தாடியைப் பார்த்திருந்தார்கள், மீதிப் பேர் வேனைப் பார்த்திருந்தார்கள்.

மைதானத்துக்குக் காவல் போடுவது என்று முடிவாயிற்று. மறுநாள் காலை நார்மன் மடக்கு நாற்காலியோடு ஒரு கோடியில் உட்கார்ந்தார், பெர்னார்ட் மறு கோடியில். பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நார்மனிடம் குடை இல்லை.

"நனைஞ்சு சாகப் போறியா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"உன் குடை ஐரோப்பாக் குடையா இருக்கும். எனக்கு வேணாம்."

"சீனாக் குடைடா. வா."

நார்மன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு குடைக்குள் இரண்டு தொப்பைகள் சிரமப்பட்டு அடங்கின. பெர்னார்ட் பிளாஸ்க்கைத் திறந்தார். வாக்கெடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாடிக்காரனைப் பிடித்தால் என்ன செய்வது என்று பேசவே பொழுது போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நார்மன் வீசிய பந்து பேட்டின் ஓரத்தை லேசாக உரசியது. பெர்னார்ட் பாய்ந்து பிடித்து, அவுட் கேட்டுப் போட்ட சத்தத்தில் மாதா கோயில் புறாக்கள் மொத்தமும் பறந்தன. பாதிரியார் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, அப்புறம் நினைவு வந்து ஒரு விரலாகக் குறைத்துக்கொண்டார்.

அன்று நாலு பேருக்குச் சமைத்ததை நாலு பேர் சாப்பிட்டார்கள். விருந்தாளிகள் போன பிறகு நார்மன் நாற்காலியில் சாய்ந்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"அந்தத் தாடிக்காரன் மறுபடி வந்தா, அவன் கையைப் பிடிச்சு ஒரு நன்றி சொல்லணும்னு இருக்கு, பிரெண்டா."

"அப்படி ஒரு ஆளே கிடையாது, நார்மன்," என்றார் பிரெண்டா தட்டுகளை அடுக்கியபடி. "நானும் ஜில்லும் டீ குடிச்சுக்கிட்டே கட்டிவிட்ட கதை. மஞ்சள் கோட்டும் மூணு கால் ஸ்டாண்டும்தான் எங்களுக்குத் தோணுச்சு."

பிரெண்டா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இப்ப நீ சொல்லு. அந்தச் சிவப்புத் தாடியை நீ எங்க பார்த்தே?"