மைனா சிபாரிசு செய்த பொந்து

காட்டில் எங்கே எது நல்லது என்று தினமும் காலையில் கிளையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லும் மைனாவிடம் மரங்கொத்தி வந்தது. "என் பொந்துக்கு ஆள் அனுப்பு. தலைக்கு இரண்டு புழு கமிஷன்" என்றது.

மறுநாளே மைனா, "நானே இருந்து பார்த்த பொந்து, ஒரு சொட்டு ஒழுகாது" என்றது. அதை நம்பி அணில் தன் குட்டிகளோடு அங்கே குடியேறியது. மைனாவுக்குப் புழு வந்து சேர்ந்தது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மைனா கொத்திய புழுவைக் கீழே போட்டது. அந்தப் பொந்தை அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மனசு கேட்காமல் நனைந்துகொண்டே பறந்து போனது.

பொந்துக்குள் தண்ணீர் கொட்டியது. அணில் குட்டிகளை வயிற்றோடு அணைத்தபடி நிமிர்ந்து பார்த்தது.

"நல்லவேளை வந்தே அக்கா! நீ இருந்தப்போ ஒழுகாத மூலை எது? சீக்கிரம் சொல்லு, சின்னவனுக்குக் குளிர் தாங்கலை."