வலப்பக்கம் இன்னும் கொஞ்சம்

ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரஹ்னா பல்லவியைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப்பக்கம், அவள் குரலுக்கு மெருகேற்ற நாலு மென்பொருள்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டிவிட்டான் ஒலிப்பதிவாளன் ஷிஜோ. தயாரிப்பாளர் வர்க்கிச்சனுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

"எல்லாம் தகர டப்பா மாதிரி இருக்கு மோனே! கனம் வேணும். இல்லேன்னா வேற பாடகியைக் கூப்பிடு."

"அப்ப இந்தக் குமிழை நீங்களே திருப்புங்க சேட்டா. அஞ்சாவது சாஃப்ட்வேர், புதுசு."

அது எதனோடும் இணைக்காத குமிழ். நச்சரிப்பவர்களுக்கென்றே ஷிஜோ வைத்திருந்தது.

வர்க்கிச்சன் திருப்பினார். "கேட்டியா? தேன்டா!"

சிரிப்பை அடக்கிய ஷிஜோவுக்கு அடுத்த நொடி மயிர்க்கூச்செறிந்தது. குரல் நிஜமாகவே கனத்திருந்தது. இடப்பக்கம் திருப்பினால் மெலிந்தது, வலப்பக்கம் திருப்பினால் நெஞ்சை நிறைத்தது. மேஜைக்கடியில் குனிந்து பார்த்தான். குமிழின் வயர் தரையில்தான் கிடந்தது.

நிமிர்ந்தவன் கண்ணில், பாடுபவரிடம் பேசுவதற்கான, அவன் அணைக்க மறந்த மைக்கின் சிவப்பு விளக்கு பட்டது. இங்கே பேசியதெல்லாம் ரஹ்னாவின் காதில் விழுந்திருக்கிறது. கண்ணாடி வழியே அவள் பார்வை வர்க்கிச்சனின் விரல்களைவிட்டு அசையவில்லை. விரல் வலப்பக்கம் நகர நகர, அவள் அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

"அம்மாடி! இந்த சாஃப்ட்வேருக்குப் பேர் என்னடா?" என்றார் வர்க்கிச்சன்.

"ரஹ்னா" என்றான் ஷிஜோ.