போறேன் என்ற சேவல்

கொண்டையன் சேவல் ஒரு கூவு கூவினால் போதும், கோழிகளெல்லாம் மேய்ச்சலை விட்டுவிட்டுக் கூட்டுக்குள் ஓடிவரும். அப்படி ஒரு மரியாதை. ஒருநாள் அதற்கு, "போகாதீங்க, போகாதீங்க" என்று எல்லாரும் தன்னைக் கெஞ்சிக் கேட்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. "ஆடி முடிஞ்சதும் நான் போறேன்" என்று அறிவித்துவிட்டு, அழுகைச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

"அண்ணே, அப்ப கூட்டுல நீங்க உட்கார்ற மேல்கம்பு யாருக்கு?" என்றது புள்ளிக்கோழி.

அன்று சாயங்காலம் கொண்டையன் தொண்டை கிழியக் கூவியும் ஒருத்தியும் அசையவில்லை. "போறவருக்கு எதுக்கு இந்தக் கத்தல்?" என்று குப்பையைக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். கூட்டுக்குள் பார்த்தால், மேல்கம்பில் புள்ளி சப்பணம் போடாத குறையாக உட்கார்ந்திருக்கிறது!

கொண்டையன் கம்புக்குக் கீழே ஓடிவந்து நின்றது. "அடியே, வாய் தவறிப் போறேன்னு சொல்லிட்டேன்டி. போயிட்டு வரேன்னுதான் சொல்ல வந்தேன்!"

"அதுக்கென்னண்ணே," என்றது புள்ளி. "முதல்ல போங்க. வர்றதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."