வரி வரியாய் விளக்கும் புத்தகம்

"ஹாஸ்டலுக்கு மெத்தைகூட வாங்கியாச்சா? பேஷ்," என்றார் புத்தகக் கடை அனந்தநாராயணன்.

அர்த்தநாரி சிரித்தபடி புதுத் தகரப் பெட்டியையும் சுருட்டிக் கட்டிய மெத்தையையும் வாசலோரம் இறக்கி வைத்தார். முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவர். இந்த வருஷத்துக் காய் முழுவதும் லாரி ஏறிவிட்ட நிம்மதி முகத்தில் இருந்தது.

"எம்.எஸ்ஸிக்குப் புஸ்தகம் வேணுமுங்க சாமி. என்னமோ காஸ்மாலஜியாமா. வானம், நட்சத்திரம்னு என்னென்னமோ சொல்றாங்க. நமக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அம்மிணி பாத்து எடுத்துக்கும்."

மகள் மருதாத்தாள் மேசை முன்னால் வந்து நின்றாள். பி.எஸ்ஸி. படித்த மூன்று வருஷமும் அவள் புத்தகம் வாங்கியது பாலக்காட்டில் இந்தக் கடையில்தான். பிசிக்ஸில் காலேஜிலேயே முதலாவதாகத் தேறியவள் என்பது அனந்தநாராயணனுக்கும் தெரியும்.

"எர்ணாகுளத்திலேயா? அங்கே பத்துப் பேரைத்தானே எடுப்பா. இடம் கெடைக்கறது லேசில்லை, கேட்டியோ."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்று லண்டனில் அச்சானது, செங்கல் கனம். ஒன்று மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்தது. இன்னொன்று டெல்லியில் சாணித்தாளில் அச்சடித்தது.

"உனக்கு இதுதான் சரி," என்று லண்டன் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

மருதாத்தாள் பிரித்தாள். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதற்கான சமன்பாடு ஒரு பக்கத்தில் இருந்தது. 'இதிலிருந்து எளிதாகப் பெறலாம்' என்று ஒரே வரி எழுதிவிட்டு, ஆசிரியர் முடிவுக்குத் தாவியிருந்தார்.

அவள் விரல் மேசைமேல் நகர்ந்தது. விட்டுப்போன வரிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றது. விடை சரியாகவே வந்தது. முன்பெல்லாம் இப்படி வரும்போது நெஞ்சுக்குள் ஏதோ துள்ளும். இன்று ஒன்றுமில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றினாற்போல இருந்தது.

புத்தகத்தை மூடினாள். "இது வேண்டாமுங்க. நடுவுல நடுவுல வரியை உட்டுட்டுப் போறாங்க."

"அதைத்தான் இப்போ நீயே போட்டுட்டியே. நான் பாத்துண்டுதானே இருக்கேன்?"

"கணக்கு அவ்வளவா வராதுங்க. வரி வரியா வெளக்கியிருக்கறதாக் குடுங்க."

அவர் அவளையே பார்த்தார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, சிரித்தார்.

அவள் டெல்லிப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு கணக்குக்கு இரண்டு பக்கம் விளக்கம் இருந்தது. அதை எடுத்து வைத்தாள். படம் நிறைய இருந்ததால் மாஸ்கோ புத்தகத்தையும் அதன்மேல் வைத்தாள்.

"ஏனம்மிணி," என்றார் அர்த்தநாரி. "சாமிதான் சொல்றாரே, அந்தத் தடிப் புஸ்தகத்தையும் வாங்கிப்போடலாமே. காசைப் பாக்காதே."

"வேண்டாமுங்கப்பா. யாரும் பிரிக்கப் போறதில்லீங்க. தூசிதான் அடையும்."

கடைக்காரர் லண்டன் புத்தகத்தை மேல்தட்டிலேயே திருப்பி வைத்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தெருவில் கொல்லங்கோட்டு பஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் போனபிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தகங்களுக்குப் பழுப்புக் காகித அட்டை போட்டு முடித்த அனந்தநாராயணன் பேனாவைத் திறந்தார். "வழக்கம்போல நானே பேரெழுதித் தரேன்." முதல் பக்கத்தைப் பிரித்து 'ம' என்று தொடங்கப் போனார்.

"நஞ்சப்பன்னு எழுதுங்க," என்றாள் மருதாத்தாள்.

பேனா நின்றது. "அதாரு?"

"எந் தங்கச்சி பையனுங்க," என்று அர்த்தநாரி முந்திக்கொண்டார். "இவகூடத்தான் பி.எஸ்ஸி. முடிச்சான். ஆவணியில ரெண்டு பேருக்கும் கல்யாணம். எர்ணாகுளத்துல படிக்கப் போறது அவனுங்க."

அனந்தநாராயணன் மருதாத்தாளைப் பார்த்தார். அவள் அட்டையின் மடிப்பை நகத்தால் அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தப் பத்துப் பேர்லே அவனும் வந்துட்டானா?" என்று அவர் கேட்டார்.

"மொதல்ல வரலீங்க. பதினொண்ணாவதா நின்னான்," என்றார் அர்த்தநாரி. "அம்மிணிதான் தன் எடத்தை வேண்டாம்னு எழுதிக் குடுத்துருச்சு."