மூன்றாவது வரிசை ஆள்

நெட்டையருக்கும் குட்டையருக்கும் பத்தொன்பது வருஷப் பகை. இருவரும் செஸ் கிராண்ட்மாஸ்டர்கள். பேச்சுவார்த்தை கிடையாது. நெட்டையர் தும்மினால்கூட, தன் கவனத்தைக் கலைக்கத்தான் என்று குட்டையர் புகார் எழுதிக் கொடுப்பார்.

அன்று பட்டத்துக்கான கடைசி ஆட்டம். காலையிலேயே குட்டையரின் மனைவி கெஞ்சினாள்.

"நெஞ்சு வலியோட போகாதீங்க. உயிரை விடவா பட்டம் பெரிசு?"

"அந்த நெட்டைகிட்ட பட்டத்தைக் கொடுத்துட்டு, உயிரை வெச்சுக்கிட்டு என்னடி பண்றது?"

இருபதாவது நகர்த்தலில் குட்டையர் நிமிர்ந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர். அவர் பலகையைப் பார்க்கவேயில்லை. குட்டையர் முகத்தையும் தன் கைக்கடிகாரத்தையுமே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டையர் நடுவரை அழைத்தார்.

"அந்த ஆளு பார்வையாலேயே என் மூளையைக் கலக்குறான். நெட்டையோட கார்லதான் வந்து இறங்கினான், நானே பார்த்தேன். அவன் போனாத்தான் ஆடுவேன்!"

ஆட்டக்காரர் ஆட்சேபித்தால் பார்வையாளரை வெளியேற்றலாம் என்பது போட்டி விதி. நெட்டையர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஆட்டத்துல பேசக்கூடாதுங்க" என்று நடுவர் அடக்கினார்.

கண்ணாடிக்காரர் வெளியேற்றப்பட்டார். குட்டையர் வெற்றிச் சிரிப்போடு யானையைத் தூக்கினார். யானை கட்டத்தில் இறங்கவில்லை; அதைப் பிடித்தபடியே அவர் சரிந்தார்.

நெட்டையர் பலகையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து தாங்கினார். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் பேசினார்.

"அடப்பாவி! உன் பெண்டாட்டி வந்து அழுதாளேன்னுதான்டா இதய டாக்டரைக் கூட்டிட்டு வந்து உன் கண்ணெதிர்ல உட்கார வெச்சேன்!"

நடுவர் வாசலுக்கு ஓடினார். டாக்டர் ஏறிய கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.