புது ஆள்

டேப்பைக் கிழித்ததும் அவள் கை தானாக ஓடப் பார்த்தது. அடக்கினாள்.

புது ஆளின் கை இப்படி ஓடாது.

ஆள் எடுப்பதற்கான சோதனை. காருக்குள் போகும் வயர்களைப் பலகையில் பதித்து, கட்டாகச் சேர்த்து, டேப் சுற்ற வேண்டும். ஒரகடத்தில் இதே கம்பெனியில் மூன்று வருடமாக இதே வேலைதான். ஆனால் காகிதத்தில் பார்த்தால் அவள் இன்று காலைதான் வேலை கேட்டு வந்திருக்கிறாள்.

இங்கே அதற்குப் பெயர் பிரேக்.

ஏழெட்டு மாதம் ஆனதும் காண்ட்ராக்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரம் கேட்பார்களாம். கொஞ்ச நாள் கழித்து, புது ஆளாகத் திரும்பி வர வேண்டும். புது அடையாள அட்டை, புது போட்டோ. போன தடவை போட்டோவுக்குச் சிரித்துக்கூட வைத்தாள்.

காலையில் கேட் அருகே சூப்பர்வைசர் பூபாலன் காதோரம் சொல்லியிருந்தான்.

"மேனேஜர் மாறிட்டாருக்கா. பழைய ஆளுன்னு தெரிஞ்சா சேக்க மாட்டாரு, கேஸ் போட்டுடுவாங்கன்னு பயம். உள்ள விட்டேன்னு என்னையும் தூக்கிடுவாரு. புது ஆளு மாதிரியே பண்ணு. கை பறக்கக் கூடாது."

அவனும் போன மாதத்திலிருந்து காண்ட்ராக்ட்தான்.

அதனால் தடுமாறினாள். வேண்டுமென்றே ஒரு வயரை மாற்றிச் செருகினாள். உருவினாள். டேப்பின் முனையைத் தேடுவதுபோல் தேடினாள். நன்றாகவே நடிக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்துப் பலகையில் செய்யாறிலிருந்து வந்த பெண். நிஜமான புது ஆள். பயத்தில் வேகவேகமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் கையைத் தட்டினார்.

"ஆர்டர் இறங்கிப்போச்சு. இந்தத் தடவை பாதிப் பேரத்தான் எடுக்க முடியும். கை வேகமா இருக்கறவங்கள மட்டும்."

பூபாலன் சட்டென்று நிமிர்ந்தான். அவனுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

மேனேஜர் வரிசையாக வந்தார். செய்யாறுப் பெண்ணைத் தேர்வானவர்கள் பக்கம் நிற்கச் சொன்னார். இவளுடைய பாதிக் கட்டைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முதல் தடவைன்னா அப்படித்தாம்மா. பழகிட்டு வாங்க."

அடுத்த வரிசைக்குத் திரும்பிவிட்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கைகள் இதற்குமேல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மாற்றிச் செருகியதை உருவின. சரியானதைச் செருகின. சேர்த்தன, சுற்றின, அறுத்தன.

மேனேஜர் திரும்பி வந்தபோது கட்டு முடிந்து பலகையில் கிடந்தது.

எடுத்துப் புரட்டினார்.

"இது யாரு கட்டினது?"

அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார்" என்றான் பூபாலன். "சாம்பிளுக்காகக் கட்டி வெச்சேன்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் அவனுக்கு.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மேனேஜர் கட்டை அவள் கண்முன் நீட்டினார்.

"பாத்தீங்களாம்மா? இப்படி இருக்கணும். நல்லா பாத்து வெச்சுக்கோங்க."

அவள் நன்றாகப் பார்த்தாள்.

"சரிங்க சார்."